திருவிழா மேளக் கசெற்றுக்கு என்ன விலை? கேள்வி பதில்

கிளிநொச்சியில் பழைய கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்து வருகிறேன். கோயில் மேளப் பதிவுகளை விற்பது, வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

மல்லாவி: அண்ணை, அப்பா தொண்ணூறுகளில் பதிந்த மேளக் கசெற் ஒரு பெட்டி இருக்கு. எங்கட கசெற்தானே, விற்றால் என்ன?

நாடா உங்களுடையது, வாசிப்பு உங்களுடையதல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வாசிப்பைப் பதியவும் பிரதியெடுக்கவும் விடும் உரிமையைக் கலைஞருக்கு 50 வருடத்துக்குக் கொடுக்கிறது. உதாரணத்துக்கு, 2012 திருவிழாவில் வாசித்தது 2062 முடியும்வரை அவர் பக்கம். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனை பொதுச்சொத்து என்பது சரி. அதை வாசித்தவரின் வாசிப்பு அப்படியல்ல. உங்கள் தொண்ணூறுகளின் கசெற்றுக்குச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று வாதாடலாம். கலைஞர் வீட்டுக்குப் போய்க் கேட்பது அதைவிட லேசு.

புதுக்குடியிருப்பு: ஒரு கசெற் மாற்ற ஆயிரம் ரூபா கேட்கிறார்கள். அநியாயமில்லையா?

90 நிமிடக் கசெற் 90 நிமிடம் ஓடித்தான் ஆகவேண்டும், குறுக்குவழி இல்லை. பூஞ்சணம் பிடித்திருந்தால் முதலில் துப்புரவு. வன்னிக் கசெற்றுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடையாது. சாகப்போகும் பற்றரியிலும் சைக்கிள் டைனமோவிலும் ரெக்கோடரை ஓட்டினோம். பதியும்போது நாடா மெல்ல ஓடியதால், இப்போது நல்ல கருவியில் போட்டால் வேகம் கூடி நாதஸ்வரம் கீச்சிடும். பற்றரி இறங்க இறங்க அந்தக் கோளாறும் கூடிக்கொண்டே போகும். துண்டு துண்டாகச் சுருதி திருத்த வேண்டும். ஆயிரம் அந்த உழைப்புக்கு என்றால் மலிவு. பாட்டுக்கு என்றால் ஒரு ரூபாவும் கூடாது.

முழங்காவில்: கனடாவில் ஒருவர் எங்கள் கோயில் பதிவைப் பென்டிரைவில் விற்கிறார். வாங்கலாமா?

கலைஞருக்கு என்ன போகிறது என்று அவரிடம் கேளுங்கள். பென்டிரைவ், தபால், உழைப்பு, இந்த மூன்றுக்கும் மேலே எடுக்கும் காசு கலைஞருடையது. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1984இல் தன் கச்சேரிகளில் பதிபவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது, கைமாற்றலாம், விற்கக்கூடாது. ஆனால் அவர்களுக்கு ரிக்கெட் காசு வந்தது. எங்கள் மேளகாரருக்குத் திருவிழாக் காலக் கூலி மட்டும்தான். அதனால் எங்கள் பக்கம் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்பேன்.

நெடுங்கேணி: கோயில் சபை அனுமதி தந்தால் போதாதா? ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்தே எடுக்கலாமே?

போதாது. சபை வாசிக்கத்தான் கூலி பேசியது. அடுத்தமுறை பேசும்போதே பதிவையும் சேர்த்துப் பேசட்டும். அப்புறம், மிக்ஸர் பதிவு என்றால் விலை கூட என்று மயங்காதீர்கள். தவில் தானாகவே முழங்கும் என்பதால் அதன் மைக்கைக் குறைத்தே வைப்பார்கள், பதிவில் தவில் மெலிந்துவிடும். சனத்துக்கு நடுவில் இருந்து எடுத்ததுதான் பல தடவை நன்றாக இருக்கிறது.

வவுனியா: வாசித்தவர் இறந்துவிட்டார், குடும்பம் எங்கே என்றே தெரியவில்லை. யூரியூப்பில் போடலாமா?

முதலில் தேடுங்கள். இடம்பெயர்வில் சொந்த வாசிப்பின் ஒரு பிரதிகூட இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. கிடைக்கவில்லை என்றால் விளம்பரம் இல்லாமல் போடுங்கள். விளம்பரக் காசு வந்தால் அதுவும் விற்பனைதான். கோயில், ஆண்டு, இரண்டாவது தவில், தாளம் போட்டவர் வரை பெயர் எழுதுங்கள். குடும்பம் வந்து எடுக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள்.