ஹாலோவீன் படக்கதை ஒன்றை வைத்து ப்ரீஸ்கூல் குழந்தைகளோடு என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். மகளின் ப்ரீஸ்கூலில் ஹாலோவீன் (அக்டோபர் 31, பேய் வேஷமும் பூசணி முகமுமாகக் கொண்டாடும் நாள்) வரும் அக்டோபர் கடைசி வாரம் பெற்றோர் ஒருவர் வந்து கதை படித்து, கைவேலை ஏதாவது நடத்த வேண்டுமாம். நான்கு வயதுக் குழந்தைகள், அரை மணி நேரம். நான் நியூஜெர்சியில் ஒரு ப்ரீஸ்கூலில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். வருடத்திலேயே எனக்குப் பிடித்த வாரம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் புத்தகம். லிண்டா வில்லியம்ஸ் எழுதி, மேகன் லாயிட் படம் வரைந்து 1986இல் வந்த 'தி லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்' என்ற கதையை எடுங்கள். காட்டுக்குள் போன ஒரு பாட்டி இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறாள். வழியில் இரண்டு பெரிய ஷூக்கள் தொம் தொம்மென்று மிதிக்கின்றன. பயமில்லை என்று சொல்லிவிட்டு நடக்கிறாள், ஷூக்கள் பின்னாலேயே வருகின்றன. அப்புறம் நெளியும் பேன்ட், உதறும் சட்டை, கைதட்டும் கையுறைகள், தலையாட்டும் தொப்பி, கடைசியில் 'பூ' என்று மிரட்டும் பூசணித் தலை. அதற்கு மட்டும் ஓட்டம் எடுத்து வீட்டுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறாள். கதவைத் தட்டி வந்து நிற்பவற்றுக்கு அவளே ஒரு யோசனை சொல்ல, மறுநாள் காலையில் எல்லாம் சேர்ந்து அவள் தோட்டத்தில் சோளக்கொல்லை பொம்மையாக நிற்கின்றன.

இந்தக் கதையில் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் அசைவு இருக்கிறது. சட்டை வருவதற்குள் குழந்தைகள் தாங்களாகவே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பேயும் கிடையாது, சூனியக்காரியும் கிடையாது. மத நம்பிக்கையால் ஹாலோவீன் கொண்டாடாத குடும்பங்கள் பல வகுப்புகளில் உண்டு. அவர்களுக்கும் இந்த முடிவு பெரும்பாலும் உறுத்தாது. ஆனாலும் ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான்: குழந்தை செய்கிற வேலை அந்தக் கதையைத் திரும்பச் சொல்ல உதவ வேண்டும். கதை ஒரு பக்கம், ஆரஞ்சுப் பேப்பர் தட்டில் கண்ணும் வாயும் ஒட்டுவது இன்னொரு பக்கம் என்று இருந்தால் வீட்டுக்குப் போவது வெறும் தட்டுதான். பெரியவர்கள் எல்லாவற்றையும் முன்பே வெட்டி வைத்து, எல்லோரும் ஒரே மாதிரி ஒட்டித் தருகிற வேலைகளில் குழந்தையின் கை எங்கே இருக்கிறது?

அதனால் பசையை எடுப்பதற்கு முன்னால் துணிமணிகளை எடுங்கள். பழைய ஷூ, ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி, ஒரு சின்னப் பூசணிக்காய். ஒரு முறை கதையை நேராகப் படியுங்கள். இரண்டாவது முறை இந்தச் சாமான்களைக் குழந்தைகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் படியுங்கள். சட்டை வைத்திருக்கும் குழந்தை உதற வேண்டும், கையுறைக்காரர் கைதட்ட வேண்டும். தன் முறை வரும் வரை காத்திருப்பது, வரிசையை நினைவில் வைப்பது எல்லாம் அதிலேயே நடந்துவிடும்.

அப்புறம் அந்தத் துணிகளிலேயே நிஜ பொம்மை. ஜீன்ஸ் கால்களின் நுனியையும் சட்டைக் கைகளின் நுனியையும் கயிற்றால் கட்டிவிடுங்கள். குழந்தைகள் செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கி உள்ளே திணிக்கட்டும். வைக்கோல் அழகுதான், ஆனால் தூசி கிளம்பும். ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் கஷ்டம். தவிர, காகிதம் கசக்குவதில்தான் லாபம். பென்சில் பிடிக்கவும் கத்தரிக்கோலை இயக்கவும் வேண்டிய விரல் பலம் இப்படிப்பட்ட வேலையில்தான் வருகிறது. கால் நிறைந்ததும் அது நிஜமாகவே ஒரு கால் போலக் கனக்கும். அப்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், அவ்வளவு சந்தோஷம்!

உங்களுக்கு இருக்கும் அரை மணிக்கு இதுவே போதும், நேரமும் சரியாக இருக்கும். மீதியை ஆசிரியை அந்த வாரத்தில் செய்யலாம், அல்லது நீங்களே வீட்டில் மகளோடு செய்யலாம்.

பூசணிக்காயைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கடையில் பை பம்ப்கின் என்று கிடைக்கும் சின்ன ரகம் குழந்தைகள் தூக்க வசதி. வெட்டுவதற்கு முன் ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் போடுங்கள். மூழ்குமா, மிதக்குமா என்று முதலில் அவர்களையே கேளுங்கள். இவ்வளவு கனமான காய் மூழ்கிவிடும் என்றுதான் பலரும் சொல்வார்கள். உள்ளே காலியாக, காற்று இருப்பதால் மிதக்கும். ஏன் என்று வெட்டிப் பார்த்த பிறகு அவர்களே சொல்லட்டும். வெட்டுவது பெரியவர் வேலை, அதுவும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில். வழவழ நாரும் விதையும் அள்ளுவது அவர்கள் வேலை. சில குழந்தைகளுக்கு அந்த வழவழப்பைத் தொடவே பிடிக்காது. வற்புறுத்தாதீர்கள், கரண்டி கொடுங்கள், இல்லையென்றால் ஜிப் பையில் போட்டு வெளியிலிருந்து அமுக்கிப் பார்க்கட்டும்.

வெட்டாத காயில் கோல்ஃப் பந்து வைக்கும் 'டீ' என்ற சின்ன முளைகளை மரச் சுத்தியால் அடித்து இறக்குவது அமெரிக்க ப்ரீஸ்கூல்களில் ரொம்பப் பிரபலம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள், ஒரு காய்க்கு ஒரே ஒரு சுத்தி.

விதையைக் கழுவி எண்ணலாம், காயவைத்து ஒட்டலாம். வறுத்துத் தின்னக் கொடுப்பதென்றால் நன்றாக யோசியுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழு விதை தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு, பள்ளிகளில் ஒவ்வாமை விதிகளும் உண்டு. பாட்டி காட்டில் மூலிகையும் மசாலாவும் கொட்டைகளும் சேகரிக்கிறாளே, அதற்கு ரோஸ்மேரி, பட்டை, கிராம்பை ஓட்டை போட்ட மூடியுள்ள டப்பாக்களில் வைத்து முகரக் கொடுக்கலாம். பட்டையைக் குச்சியாகவே வையுங்கள், தூள் மூக்கில் ஏறிவிடும். கொட்டைகளை ஒவ்வாமை காரணமாக விட்டுவிடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம், பயம். விளக்கை அணைத்துவிட்டுப் படிக்காதீர்கள். பூசணித் தலை வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தியே 'பூ' சொன்னால் போதும். யாராவது முகம் சுருங்கினால் அந்தக் குழந்தையின் மடியில் பூசணிக்காயை வைத்து, "நீ எப்போ சொல்றியோ அப்போதான் இது பேசும்" என்று சொல்லுங்கள். மிரட்டும் பொருள் தன் கையில் வந்துவிட்டால் குழந்தை தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்தும்.

பூசணி வேலை நடக்கும் நாளிலேயே அதை வெட்டுங்கள். டெக்சாஸ் சூட்டில் வெட்டிய காய் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். பொம்மைக்குத் தலையாக முழுக் காயையே வைத்து, மார்க்கரில் முகம் வரைந்தால் நவம்பரிலும் பள்ளித் தோட்டத்தில் நிற்கும்.