கள்ளும் விறகுப் போறணையும்: பழைய முறைப் பாண் பற்றிய கேள்வி பதில்

ஐயா, ஈஸ்ட் பாவிக்காமல் கள்ளு விட்டுப் பாண் போடும் அளவைச் சொல்லுங்கள்.

ஒரு கிலோ கோதுமை மாவுக்குக் கணக்கு இது. முதல் நாள் இரவு 400 கிராம் மாவில் 300 மில்லி பனங்கள்ளை வடித்து ஊற்றிக் கரைத்து, மூடி வையுங்கள். எட்டு மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கி, நடுப்பகுதி இலேசாக அமிழத் தொடங்கும். அதுதான் பதம். அதற்குப் பிறகும் விட்டால் புளிப்பு ஏறி, மா இழுபடும் தன்மையை இழந்துவிடும்.

காலையில் மீதி 600 கிராம் மா, 290 மில்லி தண்ணீர், 20 கிராம் உப்பு, 15 கிராம் சீனி, 25 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கால் மணி நேரம் நன்றாக அடித்துக் குழைக்க வேண்டும். சிறு துண்டை விரல்களால் விரித்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக வர வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரம் பொங்கவிட்டு, வெட்டி அச்சில் போட்டு, மறுபடி ஒரு மணி நேரம் விடுங்கள். ஓர் இறாத்தல் பாணுக்கு (450 கிராம்) குழைத்த மா 520 கிராம் எடுங்கள். வேகும்போது எட்டில் ஒரு பங்கு எடை நீராவியாகப் போய்விடும்.

போத்தல் கள்ளு சரிவருமா?

பெரும்பாலும் சரிவராது. கெடாமல் இருக்கச் சூடாக்கி அடைப்பதால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடுகின்றன. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரும் வேண்டாம். புளிக்காமல் தடுப்பதற்குத்தானே அந்தச் சுண்ணாம்பு. காலையில் இறக்கிய கள்ளை அன்றைக்கே பாவியுங்கள். அடியில் படியும் மண்டியைக் கொட்டிவிடாதீர்கள், ஈஸ்ட் செறிந்து கிடப்பது அங்கேதான். அடுத்த நாள் கள்ளில் வினாகிரி மணம் முந்திவிடும், பொங்கும் வலு குறையும்.

அண்ணை, எங்கள் வளவில் போறணை கட்டினோம். பாணின் அடி கருகுது, மேல் வெளுத்துக் கிடக்குது. ஏன்?

தம்பி, தணலை இழுத்த உடனேயே பாணை வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தணல் கிடந்த தரை கொதித்துக்கொண்டிருக்கும், கூரைச் செங்கல்லுக்குள் சூடு இன்னும் இறங்கியிருக்காது.

விறகு எரியத் தொடங்கும்போது கூரை கரி படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுக்கும். கூரை முழுவதும் வெளுக்கும்வரை எரியுங்கள். ஆறிக் கிடந்த போறணைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். தணலை வாரி எடுத்து, நீண்ட கழியில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, கதவை அரை மணி நேரம் மூடி வையுங்கள். தரைச் சூடும் கூரைச் சூடும் அப்போதுதான் ஒன்றாகும். பலர் பொறுமை இழப்பது இந்த அரை மணி நேரத்தில்தான்.

பிறகு ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவுங்கள். பத்து, பதினைந்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் பாணை வைக்கலாம். உடனே கருகினால் இன்னும் மூடி வையுங்கள். வெள்ளையாகவே கிடந்தால் மறுபடி எரிக்க வேண்டியதுதான்.

வாசல் உயரத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். உள்ளுயரம் 40 செ.மீ. என்றால் வாசல் 25 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் சூடு வெளியே ஓடும், மிகத் தாழ்ந்தால் விறகு சரியாக எரியாது. செங்கல்லைக் களிமண்ணும் மணலும் கலந்து கட்டியிருந்தால் நல்லது. சீமெந்துச் சாந்து அந்தச் சூட்டில் உதிரும்.

பணிஸையும் பாணோடு சேர்த்து வைக்கலாமா?

வேண்டாம். சீனி கூடிய மா சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே வேகாது. முதலில் பாண், 35 முதல் 40 நிமிடம். சூடு தணிந்த பிறகு பணிஸ். ரஸ்குக்கு வெட்டிய துண்டுகளைக் கடைசியில் வைத்து இரவு முழுக்க விடலாம். ஒருமுறை மூட்டிய நெருப்பில் எல்லாம் முடிந்துவிடும்.

போறணைக்குள் தண்ணீர் தெளிப்பார்களா?

நிறையப் பாண் அடுக்கிக் கதவை இறுக மூடினால் பாணிலிருந்து வரும் ஆவியே போதும். இரண்டு, மூன்று பாண் மட்டும் என்றால் தெளியுங்கள். ஆவி இல்லாவிட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து, பாண் எழும்ப வழியில்லாமல் பக்கவாட்டில் வெடிக்கும்.

இரண்டாம் நாள் பாணின் நடு பிசுபிசுத்து நூல்போல இழுபடுது. அழுகிய அன்னாசி மணம். வேகாத பாணா?

இல்லை, இது ஒரு பக்டீரியாவின் வேலை. அதன் வித்துகள் மாவிலேயே இருக்கும், போறணைச் சூட்டிலும் பாணின் நடுவில் பிழைத்துவிடும். வெக்கையும் ஈரமும் கிடைத்தால் பெருகும். அந்தப் பாணைச் சாப்பிடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். மா வாளி, பலகை, அச்சு எல்லாவற்றையும் கழுவி, வினாகிரி கலந்த நீரால் துடைத்துக் காயவிடுங்கள்.

புளிப்பு அதற்கு ஆகாது. ஆகவே இரவு முழுக்கக் கள்ளில் புளித்த மாவில் இது வருவது குறைவு. அவசர ஈஸ்ட் பாணில்தான் அதிகம். ஈஸ்டில் செய்தால் ஒரு கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேருங்கள். எந்தப் பாணையும் முழுதாக ஆறும்முன் பொலித்தீன் பையில் போடாதீர்கள்.