ஒரே கடவுள், ஆனால் மூவர்: திரித்துவத்தை நம்புகிறவர்களுக்காவது அது புரிகிறதா?

பிதா, குமாரன் (இயேசு), பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவக் கொள்கைதான் திரித்துவம். அது எனக்கு ஓரளவுக்குப் புரிகிறது. ஆனால் நான் புரிந்துகொண்டதாக நினைத்த காலத்தில்தான் எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்கள் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று வந்தாலே தண்ணீர் உதாரணத்தை எடுத்து விட்டுவிடுவேன்: பனிக்கட்டி, தண்ணீர், நீராவி, மூன்றும் ஒன்றுதானே, அவ்வளவுதான் திரித்துவம். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "அப்போ கெத்செமனேயில இயேசு யார்கிட்ட ஜெபம் பண்ணினாரு? ஐஸ்கட்டி போய் ஆவிகிட்ட பேசுமா?" என்று கேட்டான் (இயேசு கைதாகும் முன் பிதாவிடம் ஜெபித்த தோட்டம்தான் கெத்செமனே). வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துச் சமாளித்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், நான் அத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தது திரித்துவமே இல்லை. ஒரே கடவுள்தான் ஒரு சமயம் பிதாவாக, ஒரு சமயம் குமாரனாக, ஒரு சமயம் ஆவியாக வருகிறார் என்ற, சபெல்லியஸ் என்ற போதகரின் போதனை அது, மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவிட்டது.

மற்ற உதாரணங்களும் இப்படித்தான் எங்காவது ஓரிடத்தில் காலை வாரிவிடும். முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்றால் ஒவ்வொருவரும் கடவுளில் ஒரு பாகம் என்றாகிவிடும். சூரியனும் கதிரும் என்றால், கதிர் சூரியனைவிடக் குறைந்ததுதானே என்று கேட்பார்கள். 1×1×1=1 என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனக்கு வழி திறந்தது வரலாற்றில்தான். முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். கர்த்தர் ஒருவரே என்பதைத் தினமும் சொல்லி வளர்ந்தவர்கள், வேறொருவரை வணங்குவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கிற பரம்பரை. அவர்கள்தான் இயேசுவை வணங்க ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட 55ஆம் ஆண்டில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதும்போது, பிதாவாகிய ஒரே தேவன், இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இயேசு சிலுவையில் மரித்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடம்தான் ஆகியிருக்கும். சுமார் 112இல் ரோம ஆளுநர் பிளினி, இவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதுகிறார். அதாவது வழிபாடு முதலில் வந்துவிட்டது, விளக்கம் இன்னும் வரவில்லை. கடவுள் ஒருவரே என்பதையும் விட முடியாது, இயேசுவை வணங்குவதையும் விட முடியாது, இயேசு பிதாவிடம் ஜெபித்தார் என்பதையும் மறைக்க முடியாது. இந்த மூன்றில் ஒன்றைக் கைவிட்டிருந்தால் எல்லாமே சுலபம். கைவிட மாட்டோம் என்று அடம்பிடித்ததுதான் திரித்துவம். எனவே அது கடவுள் எப்படி இருக்கிறார் என்று காட்டும் வரைபடம் அல்ல, எந்தப் பக்கம் போனால் வழி தவறும் என்று போட்ட வேலி என்றே நான் பார்க்கிறேன்.

'ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325இல் நிசேயா நகரத்தில் கூடிய பேராயர்கள் சங்கத்தில் ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுளாக்கினார்' என்ற கதை நன்றாக விற்பனையாகிறது, ஆனால் ஆட்களும் தேதிகளும் ஒத்துவரவில்லை. நிசேயாவில் இயேசுவை வெறும் மனிதர் என்று யாரும் வாதாடவில்லை. அலெக்சாந்திரியா மூப்பர் ஆரியஸ் சொன்னது, குமாரன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர், உலகமே அவர் வழியாகத்தான் உண்டானது, ஆனாலும் அவரும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது என்பது. அதற்குப் பதிலாகத்தான் பிதாவோடு 'ஒரே தன்மையுடையவர்' என்ற சொல்லைச் சங்கம் சேர்த்தது, கிரேக்கத்தில் ஹோமோஊசியோஸ். அப்போதும் விஷயம் முடியவில்லை. கான்ஸ்டன்டைன் 337இல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றதே ஆரியஸுக்கு ஆதரவான ஒரு பேராயரிடம்தான். அவருக்குப் பின் கிழக்குப் பகுதியை ஆண்ட அவர் மகன் கான்ஸ்டன்டியஸும் நிசேயாவின் பக்கம் நிற்கவில்லை. நிசேயாவுக்காக நின்ற அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அரசன் திணித்த கொள்கை என்றால் அதைப் பேசியவரை ஏன் அரசர்களே விரட்ட வேண்டும்?

சரி, 'ஒன்று எப்படி மூன்றாகும்' என்று பலரும் கேட்கும் கணக்குக் கேள்விக்கு வருகிறேன். ஒரே விஷயத்தை ஒன்று என்றும் மூன்று என்றும் சொன்னால்தான் முரண்பாடு. இங்கே 'என்ன?' என்று கேட்டால் ஒரே பதில், கடவுள். 'யார்?' என்று கேட்டால் மூன்று பதில்கள். நம் மொழியில் இதை மூன்று 'ஆட்கள்' என்று சொல்வதால் ஒரு தொல்லை, மூன்று தனித்தனி மனிதர்கள் உட்கார்ந்து பேசுவது போன்ற படம் மனதில் வந்துவிடுகிறது.

இதில் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. மூன்று பேருக்கும் 'மனிதத் தன்மை' பொதுவாக இருந்தாலும் அவர்களை மூன்று மனிதர்கள் என்றுதானே சொல்கிறோம், அப்படியானால் இவர்களை ஏன் மூன்று கடவுள்கள் என்று சொல்லக்கூடாது? நான்காம் நூற்றாண்டிலேயே நிஸ்ஸா நகரப் பேராயர் கிரகோரியிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள், அதற்கென்றே அவர் தனியாக ஒரு பதில் எழுதினார். மூன்று மனிதர்கள் ஒரே தொழிலைச் செய்தாலும் அவரவர் வேலை தனித்தனி, ஒருவர் உழுவது இன்னொருவர் உழுததாக ஆகாது. கடவுளிடத்தில் அப்படி மூன்று செயல்கள் இல்லை, பிதாவிடமிருந்து தொடங்கி, குமாரன் வழியாக, ஆவியில் நிறைவேறும் ஒரே செயல்தான் உண்டு என்கிறார். இது எல்லாரையும் திருப்திப்படுத்தாது. என்னைப் பாதி திருப்திப்படுத்துகிறது. ஆனால் தண்ணீர் உதாரணத்தைவிட எவ்வளவோ மேல், அந்தப் பையனின் கேள்விக்கும் இதில் இடமிருக்கிறது: குமாரன் பிதாவிடம் உண்மையாகவே பேசினார், நாடகம் போடவில்லை.

பலவீனமான இடங்களும் இருக்கின்றன, மறைப்பானேன். 'திரித்துவம்' என்ற சொல் வேதத்தில் இல்லை. லத்தீனில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சுமார் 200ஆம் ஆண்டில். நிசேயா சங்கத்தின் விசுவாச அறிக்கையில் பரிசுத்த ஆவிக்குக் கிடைத்தது ஒற்றை வரி. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய அடுத்த சங்கத்தில்தான் அது விரிந்தது, அதிலும் 'ஆவியானவர் கடவுள்' என்று நேராக எழுதாமல், பிதாவோடும் குமாரனோடும் சேர்த்துத் தொழப்படுகிறவர் என்றுதான் எழுதினார்கள். 'பிதா என்னிலும் பெரியவர்' என்று இயேசுவே சொன்ன வசனத்துக்கு, மனிதராக வந்த நிலையில் அப்படிச் சொன்னார் என்பது வழக்கமான பதில். எனக்கு அது ஏற்புடையதுதான், ஆனால் அந்த வசனத்தைக் காட்டுகிறவரை முட்டாள் போல நடத்துவது சரியில்லை.

இன்னொன்று, யாராவது 1 யோவான் 5:7ஐ எடுத்து, பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவர் ஒன்றாயிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று வாதத்தை முடிக்கப் பார்த்தால், தலையாட்டிவிடாதீர்கள். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. அறிஞர் எராஸ்மஸ் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதை விட்டுவிட்டார், எதிர்ப்புக்குப் பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். ஆரியஸின் கட்சியோடு அத்தனை வருடம் மல்லுக்கட்டிய கிரேக்கச் சபைத் தலைவர்கள் யாரும் அந்த வசனத்தைக் காட்டவே இல்லை, காட்டுவதற்கு அது அவர்கள் கையில் இருந்ததாகத் தெரியவில்லை.