ஓடைக்கரை மான்: வாசகர் கேள்வி, பதில்

அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டை பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓடைக்கரையைப் பற்றியே இருந்தன. அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: பென்சில்வேனியாவில் இந்த வருஷம்தான் வேட்டை உரிமம் எடுத்தேன். நண்பரின் நிலத்துக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் முழுக்கச் சாயங்காலம் ஆறேழு மான்கள் வந்து, ஆரஞ்சுப் பூப் பூக்கிற, தண்டெல்லாம் தண்ணீராக இருக்கிற ஒரு செடியை மேய்ந்தன. அக்டோபரில் வரும் வில்-அம்பு வேட்டை சீசனுக்கு அந்தச் செடிக்கு நேர் மேலேயே பரண் கட்டலாமா?

ப: கட்டாதீர்கள். நீங்கள் பார்த்தது ஜூவல்வீட். நம் ஊர்க் காசித்தும்பைக்குச் சொந்தக்காரச் செடி, முற்றின காயைத் தொட்டால் அதேபோலத் தெறிக்கும். மானுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் தண்டில் இருப்பதெல்லாம் தண்ணீர்தானே, முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், வேகவைத்த கீரை மாதிரிக் கரையோடு படுத்துக் கிடக்கும். அதே நாட்களில் மேட்டில் வெள்ளை ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கத் தொடங்கியிருக்கும், மான்கள் அங்கே போய்விடும். ஆகஸ்டில் கண்ட மானை அக்டோபரில் அதே இடத்தில் தேடி, பரணில் உட்கார்ந்து உட்கார்ந்து வெறுத்துப்போய் வேட்டையையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதற்காக ஓடையை விட்டுவிட வேண்டாம். பனிக்குப் பிறகும் அங்கே தின்ன இருக்கிறது. சிவப்புத் தண்டு டாக்வுட், வில்லோ என்கிற புதர்கள், முள்ளுக்கொடியான கிரீன்பிரையர், ஊற்றுத் தண்ணீர் உறையாமல் கசிகிற இடத்தில் குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும் வாட்டர்கிரெஸ், இதெல்லாம் இருக்கும். எதை மான் தின்கிறது என்று தெரிய, குனிந்து குச்சியின் நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அது கடித்து வெட்டாது, பற்றி இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல இருந்தால் அது முயல். கிழிந்த இடம் வெள்ளையும் பச்சையுமாக ஈரமாக இருந்தால் புதிது, பழுப்பேறிக் காய்ந்திருந்தால் பழசு. இதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு ஓடைக்கரை பிடிபட்டது.

அப்புறம், எங்கே உட்காருவது என்பது. மான் தின்கிற இலைக்கு முன்னால் போய் உட்காராதீர்கள், இலைக்கு வருகிற வழியில் உட்காருங்கள். மேயும் இடத்தில் உட்கார்ந்தால், இருட்டிய பின் இறங்கி வரும்போது அத்தனை மானையும் விரட்டிவிட்டுத்தான் வரவேண்டியிருக்கும். இரண்டு முறை அப்படி நடந்தால் பெரிய கொம்பு மான்கள் பகலில் அந்தப் பக்கமே தலைகாட்டாது. ஓடையை நெடுக நடந்து, கரை தாழ்ந்து மண் சரிந்திருக்கும் இடங்களைத் தேடுங்கள், அங்கேதான் அவை கடக்கும். சேற்றில் குளம்புத் தடத்துக்குள் தண்ணீர் கலங்கலாகவே நின்றால், மான் இப்போதுதான் போயிருக்கிறது என்று அர்த்தம், அசையாமல் நில்லுங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. சமவெளியில் காற்று ஒரு மாதிரி, ஓடைப் பள்ளத்தில் வேறு மாதிரி. வெயில் இறங்கியதும் காற்று குளிர்ந்து கனத்து, சரிவு வழியாக இறங்கி, பள்ளத்தில் சேர்ந்து தண்ணீரோடு கீழ்நோக்கிப் போகும். காலையில் வெயில் ஏற ஏற அதே காற்று சரிவில் மேலே ஏறும். ஆகவே சாயங்காலம் தாழ்வான இடத்தில், மான் கடக்கும் துறைக்குக் கீழ்ப்புறமாக உட்காருங்கள், காலையில் சரிவின் மேலே. இதை மாற்றிச் செய்தால் உங்கள் வாடை நேராக மானின் மூக்குக்குப் போய்ச் சேரும். சந்தேகமாக இருந்தால் மில்க்வீட் பஞ்சு ஒன்றைப் பறக்கவிட்டுப் பாருங்கள், எருக்கம்பஞ்சு போலவேதான் இருக்கும், எருக்கின் குடும்பம்தான் அது. நூறு அடி தள்ளிப் போய் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தபிறகு நான் பலமுறை இடத்தை மாற்றியிருக்கிறேன். பரணுக்குப் போகும்போது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டு ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடந்து போங்கள். சத்தமும் அடங்கும், கரையில் வாடையும் தங்காது. பரண் ஏறத் தரையிலிருந்து கால் எடுக்கும் நொடியிலிருந்தே, விழாமல் மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்பு வார் மாட்டியிருக்க வேண்டும். டிசம்பர் ரைஃபிள் சீசனுக்கும் இதே இடத்துக்கு வருவதாக இருந்தால் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்று ஒளிரும் ஆரஞ்சுத் துணி சட்டப்படி கட்டாயம். மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, இன்னொரு வேட்டைக்காரருக்குத் தெரியும்.

கே: கரையில் இவ்வளவு புல் இருக்க, மான் தண்ணீருக்குள் இறங்கி ஏன் மேய வேண்டும்? (டொராண்டோ வாசகி)

ப: உப்புக்காக. வசந்தகாலத் தளிர்களில் தண்ணீரும் பொட்டாசியமும் அதிகம், அதை வெளியேற்றும்போது உடம்பிலிருந்து சோடியமும் சேர்ந்து போய்விடுகிறது. குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு அந்த நேரத்தில் உப்பு நிறையத் தேவை. நிலத்துச் செடிகளை விட நீர்த்தாவரங்களில் சோடியம் பல மடங்கு. உங்கள் கனடாவின் மூஸ் என்கிற பெரிய மான் ஏரிக்குள் தலையை முழுக்க அமிழ்த்தி வேரோடு இழுத்துத் தின்பதும் இதற்காகத்தான். சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவின் மூஸ்களை வைத்து இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நம் கடமானும் சளைத்ததல்ல, ராஜஸ்தானின் ரந்தம்போர் ஏரிகளில் முதலை இருக்கிறது என்று தெரிந்தும் வயிறளவு தண்ணீரில் நின்று மேயும்.

கே: ஓடைக்குள் நின்ற மானின் மேல் அம்பு விட்டேன். பட்டது நிச்சயம். ஆனால் மான் கிடைக்கவில்லை. தூக்கம் வரவில்லை. என்ன தவறு செய்தேன்? (ஓஹையோ வாசகர்)

ப: எனக்கும் இது நடந்திருக்கிறது. வேட்டைக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் வருஷம், வெளிச்சம் மங்கும் நேரம், ஒரு பெண் மான் முழங்கால் தண்ணீரில் நின்று வாட்டர்கிரெஸ் தின்றுகொண்டிருந்தது. விட்டேன். இரண்டே தாவலில் அக்கரை போய்விட்டது. அம்பு தண்ணீரோடு போனது, ரத்தமும் தண்ணீரோடு போனது, முடிகூட ஒன்று கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் கீழ்ப்புறம் முந்நூறு அடி தள்ளிக் கண்டேன், அதற்குள் கயோட்டிகள் (நரி போன்ற சின்ன ஓநாய்கள்) பாதி தின்றிருந்தன. அந்த மான் எப்படிக் கிடந்தது என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தண்ணீருக்குள் நிற்கும்போது விடாதீர்கள். எங்கே பட்டது என்று சொல்லும் அடையாளம் எதுவும் மிஞ்சாது. கரையேறி, பக்கவாட்டில் நின்று, முன்காலுக்குப் பின்னால் நெஞ்சு தெளிவாகத் தெரியும்வரை பொறுங்கள், அந்த நேரம் வராவிட்டால் வில்லை இறக்கிவிடுங்கள். பட்டபிறகு கிடைத்த ரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், அரைமணி நேரம் பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் விட வேண்டும். பச்சையாக நாற்றம் அடித்தால் குடல், அப்போது எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விலகி இருங்கள், துரத்தினால் மைல் கணக்கில் ஓடும். அடிபட்ட மான் பல நேரம் தண்ணீரை நோக்கித்தான் போகும். அதனால் ரத்தத்தடம் ஓடையில் முடிந்தால் இரண்டு கரையையும், மேலும் கீழும், அடி அடியாகத் தேடுங்கள். பல மாநிலங்களில் வாரில் கட்டிய மோப்ப நாயை அழைத்து வர அனுமதி உண்டு, உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு வெட்கப்படாமல் உதவி கேளுங்கள்.

கே: மான் வேட்டையை இவ்வளவு ஆசையாக எழுதுகிறீர்களே, மனசு உறுத்தவில்லையா? இங்கே மான் வேட்டை என்றாலே ஜெயில். (மதுரை வாசகி)

ப: உறுத்தும். உறுத்தாதவர் வேட்டைக்குப் போகக்கூடாது என்பது என் எண்ணம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருப்பது சரிதான், அங்கே புலியும் சிறுத்தையும் செந்நாயும் அந்த மானை நம்பி இருக்கின்றன. இங்கே கதை வேறு. கறிக்கும் தோலுக்கும் சந்தை இருந்ததால் 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெள்ளைவால் மான் சுமார் ஐந்து லட்சம்தான் மிஞ்சியிருந்தது. அந்த வருஷம் வந்த, திருட்டு வேட்டைக் கறியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதைத் தடுத்த லேசி சட்டமும், பிறகு மாநிலங்கள் போட்ட கட்டுப்பாடுகளும் அதைக் காப்பாற்றின. 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீதான வரியே வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இன்று வெள்ளைவால் மான்கள் மூன்று கோடிக்குப் பக்கம். ஆனால் பென்சில்வேனியாவில் ஓநாயும் மலைச்சிங்கமும் எப்போதோ அற்றுப்போய்விட்டன, மானைக் குறைக்க வேறு பெரிய விலங்கு இல்லை.

மான் நுழையாமல் வேலி போட்ட காட்டுத் துண்டுகள் இங்கே உண்டு. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வேன். வேலிக்கு உள்ளே ஓக், மேப்பிள் கன்றுகள் இடுப்புயரம் நெருக்கமாக நிற்கும், வெளியே மான் தொடாத பெரணி மட்டும் விரிந்து கிடக்கும். ஓடைக்கரையில் இளமரம் எழும்பவில்லை என்றால் மண்ணைப் பிடிக்க வேர் இருக்காது, கரை இடிந்து தண்ணீர் கலங்கும். நான் வருஷத்துக்கு ஒரு மான், கூடினால் இரண்டு எடுக்கிறேன், ஒரு துண்டையும் வீணாக்குவதில்லை.

கே: செப்டம்பரில் ஓடைக்கரையில் இரண்டு மான்கள் தானாகச் செத்துக் கிடந்தன. அந்த இடத்து மான் கறியைச் சாப்பிடலாமா? எப்படிச் சமைப்பது? (பிட்ஸ்பர்க் வாசகர்)

ப: கோடை கடைசியில், தண்ணீர் வற்றிச் சேறு தெரிகிற வருஷங்களில், தண்ணீர் ஓரத்திலேயே செத்துக் கிடந்தால் பெரும்பாலும் இஎச்டி என்கிற, உடம்புக்குள் ரத்தம் கசியவைக்கும் வைரஸ் நோயாக இருக்கும். சேற்றில் பெருகும் சிறு கொசு போன்ற பூச்சி பரப்புவது. காய்ச்சலில் தண்ணீர் தேடி வந்து அங்கேயே விழும். மனிதருக்குத் தொற்றாது, உறைபனி வந்தால் பூச்சியோடு நோயும் அடங்கும். ஆனாலும் செத்துக் கிடந்ததையோ நோஞ்சானாக நிற்பதையோ தொடாதீர்கள், மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். சிடபிள்யூடி வேறு, அது மானின் மூளையைச் சிதைத்து மெலியவைத்துக் கொல்லும் நோய். 1967-ல் கொலராடோவில் முதலில் தெரிந்தது, பென்சில்வேனியாவுக்கு 2012-ல் வந்தது. எவ்வளவு வேகவைத்தாலும் அதன் கிருமிப்புரதம் அழியாது. உங்கள் பகுதியில் அது இருந்தால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள். நோய் இருப்பதாக வந்தால் சாப்பிட வேண்டாம்.

சமையல் சுலபம். மானை வீழ்த்தியவுடன் குடலை எடுத்து வயிற்றுக்குள் காற்றுப் படவிட்டு ஆறவைப்பதில்தான் பாதி ருசி இருக்கிறது. மான் கொழுப்பை முழுக்கச் சீவி எறியுங்கள், ஆறினால் மெழுகு மாதிரி மேல் அண்ணத்தில் ஒட்டும். முன்னங்கால் கறியைச் சின்ன வெங்காயம், நிறைய மிளகு, கொஞ்சம் தேங்காய் போட்டு, ஆட்டுக்கறியை விட நேரம் கூட்டி மெதுவாக வேகவிடுங்கள். முதுகுக் கறியை மட்டும் குழம்பில் போடாதீர்கள், உப்பும் மிளகும் தடவி இரும்புக்கல்லில் நெய் விட்டுச் சட்டென்று வாட்டி எடுத்தால் போதும்.