ஒயின் இருமல் டானிக் மாதிரி இருக்கிறதே, என் நாக்கில் கோளாறா?

வாசகி கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். வேலைக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் யாரும் மதுவைத் தொட்டதில்லை. இங்கே ஆபீஸில் எதற்கெடுத்தாலும் ஒயின்தான். சரி, தெரிந்துதான் கொள்வோமே என்று நானும் கணவரும் சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து யூரோவுக்குள் கிடைத்த பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கி, ருசி பார்த்து, நோட்டில் எழுதி வைத்தோம். எழுதியது இது:

டோர்ன்ஃபெல்டர்: இருமல் டானிக். ரீஸ்லிங்: பல் கூசும் புளிப்பு, லேசாக மண்ணெண்ணெய் வாடை. டிரோலிங்கர்: சப்பென்று இருக்கிறது, தண்ணீர் கலந்துவிட்டார்களோ? ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு: அடுப்பில் மறந்துபோன டீ, தொண்டையில் எரிச்சல். கெவுர்ட்ஸ்டிராமினர்: கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்தது போல.

கடைசியில் இருப்பதை ஆபீஸில் சொன்னேன், சிரித்துவிட்டார்கள். அவர்கள் பீச் பழம், யோஹானிஸ்பேரே என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் வரவே மாட்டேன் என்கிறது. கோளாறு என் நாக்கிலா, விலை குறைந்த ஒயினிலா? இன்னொன்று: நாங்கள் சைவம். ஒயினில் மீன் பசை சேர்க்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை, மூக்கில் சுத்தமாக இல்லை. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதற்குத்தானே சிரித்தார்கள். கெவுர்ட்ஸ்டிராமினர் திராட்சையில் ரோஸ் ஆக்சைடு என்று ஒரு வாசனைப் பொருள் இருக்கிறது. ரோஜாவிலும் லிச்சிப் பழத்திலும் இருப்பது அதே பொருள். நம் ஊரில் பன்னீர் என்பது ரோஜாப்பூவைக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். ஆக, கிளாஸில் இருந்ததைத்தான் முகர்ந்திருக்கிறீர்கள். அடுத்த முறை யாராவது சிரித்தால் ரோஸ் ஆக்சைடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மண்ணெண்ணெயும் அப்படித்தான். ரீஸ்லிங் குடித்துப் பழகியவர்கள் அதைப் பெட்ரோல் வாடை என்றே சொல்வார்கள். டி.டி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்மத்தின் வேலை அது. வெயில் நன்றாக உறைத்த திராட்சையிலும், சில வருஷம் பாட்டிலிலேயே கிடந்த ஒயினிலும் தூக்கலாக வரும். அதற்காகவே பழைய ரீஸ்லிங்கைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. எனக்கு லேசாக வந்தால் பிடிக்கும்.

யோஹானிஸ்பேரே என்பது கரண்ட் என்ற புளிப்புச் சிறுபழம். அந்த ஜாமை ரொட்டியில் தடவித் தின்று வளர்ந்தவர்களுக்கு யோஹானிஸ்பேரே ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். லெம்பர்கர் என்ற சிவப்பு ஒயினைக் குடிக்கும்போது உங்களுக்கு நாவல் பழம் ஞாபகம் வந்தால் நாவல் என்றே எழுதுங்கள். அதைவிட, இப்போதைக்குப் பழங்களை விட்டுவிடுங்கள். தித்திப்பு, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு இந்த நாலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வந்துவிட்டால் ஐந்து யூரோ ஒயினில் முக்கால்வாசி புரிந்துவிடும். உங்கள் குறிப்புகளில் அந்த நாலும் ஏற்கெனவே இருக்கின்றன. எது எதனால் வந்தது என்பதுதான் தெரியவில்லை.

டோர்ன்ஃபெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பாட்டில் இன்னும் இருந்தால் லேபிளைப் பாருங்கள், லீப்லிஷ் என்று போட்டிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். ஒரு லிட்டரில் 45 கிராம் வரை சர்க்கரை நிற்கலாம் என்று அதற்குப் பொருள். புளிக்கும்போது பாதியில் நிறுத்தினாலும், புளிக்காத திராட்சைச் சாற்றைக் கடைசியில் கொஞ்சம் சேர்த்தாலும் அந்தத் தித்திப்பு வரும். அடர்ந்த நிறத்தோடு இவ்வளவு சர்க்கரையும் சேர்ந்தால் டானிக் நினைவு வராமல் என்ன செய்யும்? திராட்சைமேல் பழி போடாதீர்கள். அது உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஹைல்ப்ரோனை ஒட்டிய வைன்ஸ்பெர்க் ஊரில் இருக்கும் திராட்சைப் பள்ளியில் ஆகஸ்ட் ஹெரோல்ட் என்பவர் 1955-இல் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ரகம். வெளிறிப்போன ஜெர்மன் சிவப்பு ஒயின்களுக்கு நிறம் ஏற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள், பிறகு தனியாகவே விற்க ஆரம்பித்துவிட்டது. அதே டோர்ன்ஃபெல்டரில் ட்ரோக்கன் என்று போட்ட பாட்டிலை வாங்கிப் பாருங்கள், வேறு ஆள் மாதிரி இருக்கும்.

லேபிளில் நீங்கள் படிக்க வேண்டிய முதல் வார்த்தை திராட்சையின் பெயர் அல்ல, இதுதான். ட்ரோக்கன் என்றால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. ஹால்ப்ட்ரோக்கன் 18 வரை போகும். ஃபைன்ஹெர்ப் என்று போட்டால் ஏறக்குறைய அதே இடம்தான், ஆனால் அதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது, தயாரிப்பவர் மனசுதான். அதற்கு மேல் லீப்லிஷ். 45-ஐத் தாண்டினால் ஸூஸ். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்மானப் பட்டியலும் சத்து அட்டவணையும் கட்டாயம். பெரும்பாலும் லேபிளின் மூலையில் ஒரு க்யூஆர் கோடாக இருக்கும். கடையிலேயே போனைக் காட்டி, நூறு மில்லியில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து, பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். பின்லேபிளில் எழுதியிருக்கும் வர்ணனையைவிட அந்த ஒரு எண் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இப்போது ரீஸ்லிங். இயல்பாகவே புளிப்பு மிகுந்த திராட்சை. நீங்கள் வாங்கியது ட்ரோக்கனாக இருந்திருக்க வேண்டும், புளிப்பைச் சமன் செய்யச் சர்க்கரை இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிரோடு ஊற்றியிருப்பீர்கள். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் விட்டுக் குடியுங்கள். கூடவே எதையாவது சாப்பிடுங்கள். ரீஸ்லிங்குக்குப் புளிக்குழம்பு மாதிரி ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. சாப்பாட்டில் புளிப்பு இருந்தால் ஒயினின் புளிப்பு அடங்கிப்போகும். இனிப்போடு குடித்தால் நேர்மாறு: பாயசம் ஒரு வாய், ட்ரோக்கன் ரீஸ்லிங் ஒரு வாய் என்று போனால் முகம் கோணிவிடும். காரத்துக்குக் கொஞ்சம் சர்க்கரை உள்ளது தேவை. மிளகாய் தூக்கலாகப் போட்ட வத்தக்குழம்புக்கு ஃபைன்ஹெர்ப் ரீஸ்லிங்கோ கெர்னரோ எடுங்கள். (கெர்னரும் அதே ஹெரோல்ட் 1929-இல் டிரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் சேர்த்து உண்டாக்கியதுதான். அதிகம் பேர் சீண்டுவதில்லை, அதனால் விலையும் ஏறுவதில்லை.)

ஸ்பெயின் சிவப்பைப் பற்றி எழுதியதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அந்த ஒயின்மேல் அவ்வளவு தப்பு இருந்திருக்காது. துவர்ப்பு திராட்சையின் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருகிறது. டீயில் இருப்பதும் அதே வகைப் பொருள்தான், எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை உலர்த்திவிடும். புரதத்தை நாம் வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் அது எச்சிலை விட்டுவிடும். ஒரு துண்டு பழைய சீஸ், இல்லையென்றால் உப்புப் போட்டு வறுத்த நிலக்கடலை போதும். தொண்டை எரிச்சல் வேறு விஷயம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் சமையலறை அலமாரியில் கிடந்த பாட்டிலாக இருக்கும். 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை அந்தச் சூட்டில் குடித்தால் மூக்குக்கும் தொண்டைக்கும் ஆல்கஹால்தான் முதலில் தெரியும். "சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் குடிக்க வேண்டும்" என்ற பேச்சு ஹீட்டர் வராத காலத்து அறைக்கு. 16, 17 டிகிரி போதும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள், சிவப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

டிரோலிங்கருக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கியே ஆக வேண்டும். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய வூர்ட்டெம்பர்க் வட்டாரத்தின் குடும்ப ஒயின் அது. உருண்டை உருண்டையான பெரிய பழம், சாறு அதிகம், அந்தச் சாற்றுக்குத் தோல் குறைவு. அதனால்தான் நிறமும் வெளிறியிருக்கிறது, துவர்ப்பும் எட்டிப் பார்ப்பதோடு சரி. தண்ணீர் கலக்கவில்லை, அதன் உடம்பே அப்படி. லேசாகக் குளிரவைத்துக் குடிக்க வேண்டியது. அதோடு, டிரோலிங்கர் உங்களுக்குச் சொந்தக்காரர் என்று சொன்னால் நம்புவீர்களா? கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க அறுக்கிறார்களே பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு கூட வாங்கியதே, அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணு ஆய்வில் அதன் தாய் தந்தையரில் ஒன்று அலெக்ஸாண்டிரியா மஸ்கட் என்று தெரிந்தது. மற்றொன்று இத்தாலியில் ஸ்கியாவா க்ரோஸ்ஸா என்று அழைக்கப்படும் திராட்சை, ஸ்டுட்கார்ட்டில் அதற்குத்தான் டிரோலிங்கர் என்று பெயர். நம் ஊர்த் திராட்சையின் வாசம் மஸ்கட் வழியில் வந்தது. அது கிடைக்காதபோது உங்களுக்குச் சப்பென்று பட்டதில் ஆச்சரியமில்லை.

டிரோலிங்கரைச் சரியாகக் குடிக்க, பெஸன் என்ற விவசாயி வீட்டு ஒயின் கடைக்குப் போங்கள். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி உல்பாக், ரோட்டன்பெர்க் பக்கமும் ரெம்ஸ் பள்ளத்தாக்கிலும் திராட்சை விவசாயிகள் தங்கள் வீட்டையோ கொட்டகையையோ வருஷத்தில் நாலு மாதத்துக்கு மிகாமல் திறந்துவைத்து, சொந்த ஒயினை ஊற்றுவார்கள். வாசலில் துடைப்பம் தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் தருவார்கள். அந்தக் குவளையைப் பார்த்துவிட்டு யாரும் மூக்கை உள்ளே விட்டுப் பழம் தேடமாட்டார்கள். சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கு சாலட்தானே என்று வாங்கிவிடாதீர்கள், இந்தப் பக்கத்தில் அதில் மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றை ஊற்றுவது வழக்கம். கேட்டுவிட்டு வாங்குங்கள், அல்லது சீஸ் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். ஜெர்மனியில் நுரைக்காத சாதா ஒயினுக்குக் கலால் வரி பூஜ்யம். நுரைக்கும் ஸெக்டுக்கு மட்டும் பாட்டிலுக்கு 1.02 யூரோ, அதுவும் 1902-இல் கெய்சரின், அதாவது ஜெர்மன் பேரரசரின், கடற்படைக்குக் காசு சேர்க்கப் போட்ட வரி, கப்பல் போயும் வரி போகவில்லை. அதனால் மற்ற பல நாடுகளைவிட இங்கே ஐந்து யூரோவுக்கு மதிப்பு அதிகம். ஆனால் 2.99 பாட்டிலில் மதிப்புக் கூட்டு வரி போனால் மிச்சம் 2.51. அதற்குள் கண்ணாடி, மூடி, லேபிள், லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். உள்ளே இருக்கும் திராட்சைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் மூன்று யூரோவுக்குக் கீழே குனிவதில்லை. உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்கள் திருகு மூடி போட்டு ஒரு லிட்டர் பாட்டிலில் விற்கும் டிரோலிங்கரும், டிரோலிங்கர்-லெம்பர்கர் கலவையும் பார்க்க ஏழைபோல இருக்கும், குடிக்க அப்படி இருக்காது. 'எர்ட்ஸாய்கர்அப்ஃப்யூலுங்' என்று லேபிளில் இருந்தால் விளைவித்தவர்களே பாட்டிலில் அடைத்தது. அந்த வார்த்தையைப் பார்த்து வாங்குங்கள்.

மீன் பசை விஷயம் உண்மைதான். கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை, ஜெலட்டின், முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம் இவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. கடைசியில் அடியில் படிந்ததோடு வடித்துவிடுவார்கள். பெண்டோனைட் என்ற களிமண்ணிலும் இதே வேலை நடக்கும். முட்டை, பால் மிச்சம் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும், மீன் பசைக்கும் ஜெலட்டினுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. வீகன் முத்திரை உள்ளதை வாங்கினால் கவலை விட்டது. மலிவு விலையிலேயே நிறையக் கிடைக்கிறது.

அம்மா விஷயத்தில் நான் நுழைய மாட்டேன். கேட்டால் பொய் சொல்லாதீர்கள், கேட்காவிட்டால் போனில் முந்திக்கொண்டு அறிவிக்கவும் வேண்டாம். ஆனால் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ருசி பார்க்க 50 மில்லி தாராளம். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் ஒரு பாட்டிலை முடிப்பது ருசி பார்ப்பதாகாது. கார் எடுக்க வேண்டிய நாளில் வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறை கடைக்குப் போனால் புதுப் புது ரகமாக அள்ளாதீர்கள். ஒரே சங்கத்தின் ரீஸ்லிங்கில் ட்ரோக்கன் ஒன்று, ஃபைன்ஹெர்ப் ஒன்று, ஒரே வருஷத்தது, இரண்டு மட்டும் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, முதலில் ட்ரோக்கன், பிறகு மற்றது, நடுவில் ஒரு வாய் தண்ணீர். பிறகு வத்தக்குழம்பு சாதத்தோடு மறுபடியும். சாப்பாட்டுக்கு முன் எது பிடித்தது, பின் எது பிடித்தது என்று நோட்டில் எழுதுங்கள். கணவரும் தனியாக எழுதட்டும், எழுதி முடிக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்திவைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் தக்காளித் தொக்கு கிண்டும்போது அரைக் குவளை ஊற்றி வற்றவிடலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் தீர்கிறது.