கிரேயான் மேல் கறுப்பு ஒட்ட மாட்டேன் என்கிறதா?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. லீவில் ஸ்கிராட்ச் ஆர்ட் (நிறத்தின் மேல் கறுப்பு பூசி, அதைச் சுரண்டி அடியில் இருக்கும் நிறத்தில் படம் வரைவது) செய்யலாம் என்று ஏ4 தாள் முழுக்க கிரேயான் தீட்டி, மேலே கறுப்பு வாட்டர் கலர் பூசினோம். கலர் பரவவே இல்லை, முத்து முத்தாகத் திரண்டு நின்றது. காய்ந்தபின் சுரண்டினால் பாதி இடத்தில் வெள்ளைதான் தெரிந்தது, தாளும் கிழிந்துவிட்டது. எங்கே தப்பு?

கறுப்பு திரண்டு நின்றதில் ஆச்சரியமே இல்லை. கிரேயான் என்பது மெழுகில் நிறப்பொடி கலந்த குச்சி, தாமரை இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரிதான் அதன்மேலும் நிற்கும். வாட்டர் கலரை எடுத்து வைத்துவிட்டு, குப்பியில் கெட்டியாக வரும் கறுப்பு போஸ்டர் கலர் வாங்குங்கள். இரண்டு ஸ்பூன் கலரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் நாலைந்து சொட்டு விட்டு, நுரை கிளம்பாமல் மெதுவாகக் கலக்க வேண்டும், தண்ணீர் சேர்க்கவே கூடாது. சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கலர் திரளாமல் படியும். பிரஷ்ஷை முதல் தடவை குறுக்கே இழுங்கள், திட்டுத் திட்டாகத்தான் வரும், பரவாயில்லை, அது காய்ந்ததும் நெடுக்கே இன்னொரு பூச்சு கொடுத்தால் மூடிவிடும். அக்ரிலிக் கலரில் செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, காய்ந்தால் பிளாஸ்டிக் தோல் மாதிரி ஆகி, சுரண்டும்போது கோடாக வராமல் பட்டையாக உரிந்து வரும்.

ஆனால் உங்கள் படம் கெட்டது கறுப்பால் மட்டுமில்லை. வெள்ளை தெரிந்தது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிரேயான் போதவில்லை. குழந்தைகள் வழக்கமாகத் தீட்டுகிற மாதிரி தீட்டினால் தாளின் சொரசொரப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே நிற்கும், கறுப்பு நேராக அதற்குள் போய் ஊறிவிடும், அப்புறம் எதை வைத்துச் சுரண்டினாலும் தாள்தான் பிய்யும். அழுத்தி, ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை தீட்டி, விரலால் தடவினால் மெழுகு வழுவழுவென்று இருக்க வேண்டும், சாய்த்துப் பார்த்தால் மினுங்க வேண்டும். ஏழு வயதுக் கையால் இதை ஒரு முழு ஏ4 தாளில் செய்யவே முடியாது, பத்து நிமிடத்தில் "கை வலிக்குதும்மா" என்று எழுந்து போய்விடும். அதனால் தாளை நாலாக வெட்டிவிடுங்கள். நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தாளும் கெட்டியான சார்ட் அட்டையாக இருக்கட்டும். பளபளப்பான கல்யாணப் பத்திரிகை வேண்டாம், கிரேயான் வழுக்கும்.

மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், இளம்பச்சை, வான நீலம் போதும். கருநீலம், பிரவுன் எல்லாம் கறுப்புக்குக் கீழே இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. உருவம் எதுவும் வரையாமல் திட்டுத் திட்டாக நிறம் மாற்றித் தீட்டச் சொல்லுங்கள், எந்த இடத்தில் என்ன நிறம் இருந்தது என்று பிள்ளைக்கே மறந்துபோவது நல்லது.

காய வைப்பது ஃபேன் காற்றில்தான். அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மெழுகு இளகி, கோடு பிசுபிசுவென்று வரும். தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் அன்றைக்கே சுரண்டிவிடுங்கள்.

சுரண்ட தென்னை ஈர்க்குச்சிதான் என் முதல் தேர்வு. நுனியைச் சாய்வாக வெட்டிக் கொடுங்கள், மெல்லிய கோடும் வரும், பட்டைக் கோடும் வரும். மை தீர்ந்த பால்பென்னும் ஓடும். ஊசி, காம்பஸ் முள் வேண்டாம், தாளையும் கிழிக்கும், கண்ணுக்கும் ஆபத்து. அழுத்தக் கூடாது என்று பத்து தடவை சொல்வதைவிட, ஓரத்தில் ஒரு கோடு நீங்களே இழுத்துக் காட்டுங்கள்: கறுப்பு பொடிப்பொடியாக எழும்ப வேண்டும், அடியில் இருக்கும் மெழுகு அப்படியே மினுங்க வேண்டும், வெள்ளை தெரிந்தால் அழுத்தம் அதிகம். அந்தப் பொடியை வாயால் ஊத விடாதீர்கள், மேசையெல்லாம் பறக்கும், காய்ந்த பிரஷ்ஷால் தள்ளினால் போதும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் படத்தில் வியர்வை படாது.

முதல் படத்துக்கு மயிலெல்லாம் வேண்டாம், ஐந்து புள்ளிக் கோலம் போடச் சொல்லுங்கள். கோடு தப்பினால் அழிக்கத் தேவையில்லை, அந்த இடத்தில் மட்டும் மீந்திருக்கும் கறுப்பை ஒரு சொட்டுத் தொட்டு வைத்துக் காயவிட்டு மறுபடி சுரண்டலாம். அதனால் கலக்கிய கலரை உடனே கொட்டிவிடாமல் ஒரு மூடியில் எடுத்து வையுங்கள்.