நகர மைய நடைபாதையை எல்லோரும் பாதுகாப்பாகப் பயன்படுத்த என்ன தேவை?

நடைபாதை அகலமாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் மக்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிய அகலத்தை விடுங்கள், தடையில்லாமல் மிஞ்சுகிற அகலத்தைப் பாருங்கள். 3 மீட்டர் பாதையில் ஒரு மின்பெட்டி, கடை விளம்பரப் பலகை, நிறுத்திவைத்த பைக் என்று வந்துவிட்டால் 1 மீட்டர்கூடத் தேறாது. ஒரு சக்கர நாற்காலி போகவே குறைந்தது 90 செ.மீ. வேண்டும், இரண்டு எதிரெதிரே வந்தால் 1.5 மீட்டராவது வேண்டும். அதனால் கம்பம், மரம், பெஞ்சு, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் சாலையோரமாக ஒரே வரிசையில் ஒதுக்கிவிட்டு, நடக்கிற பகுதியை இடைவெளியில்லாமல் நேராக விட வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எதையும்விட இதுதான் முக்கியம்.

அப்புறம் சரிவு. பாதை முடியும் இடத்தில் உயரமான விளிம்பு இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பயணம் அங்கேயே முடிந்துவிடும், மூட்டுவலி உள்ள பெரியவருக்கும் சிரமம்தான். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது சரிவு வேண்டும். ஆனால் வெறும் சரிவு மட்டும் வைத்தால், சாலை எங்கே தொடங்குகிறது என்பது பார்வையற்றவரின் கைத்தடிக்குத் தெரியாது. அதற்குத்தான் புள்ளி எழும்பிய மஞ்சள் ஓடுகள். ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கிய இந்த ஓடுகளை 1967இல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். அதன் மேலேயே வண்டியை நிறுத்துகிறார்களே, அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

பெயர்ந்த கல், எரியாத விளக்கு இவற்றை உடனுக்குடன் சரிசெய்ய வேண்டும். கட்டுமானத்துக்காகப் பாதையை அடைப்பவர்கள் தடுப்பு வைத்த மாற்றுவழி தர வேண்டும் என்பதை அனுமதி கொடுக்கும்போதே கட்டாயமாக்கலாம்.